காணாததெல்லாம் இல்லாததா?

சென்ற இதழில், தரவுத்தளத்தில் பயன்படாமல் கிடக்கும் டேபிள்களை நீக்குவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் வாசிப்பில் கோபம் வந்தது, இரண்டாவதில் கவலை. வாதத்தின் மெலிவு கோபத்தைத் தந்தது. அந்த மெலிவை மூடி மறைக்கும் நடையின் மிடுக்கு கவலையைத் தந்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளை ஒன்று அந்த மிடுக்கை நம்பி நாளைக் காலையில் ப்ரொடக்‌ஷன் சர்வரில் கை வைத்துவிட்டால், அதன் விலையைக் கட்டுரையாளரா கொடுக்கப்போகிறார்?

அவர் சொன்னதைத் திரிக்காமல் சுருக்கித் தருகிறேன். போஸ்ட்கிரஸ் தானாக வைத்திருக்கும் கணக்கில் ஒரு டேபிள் மாதக்கணக்காக ஒரு முறைகூட வாசிக்கப்படவில்லை என்று தெரிந்தால் அது செத்த டேபிள். அதை நீக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. தரவுத்தளம் மறுத்தால் கேஸ்கேட் என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். பயமாக இருந்தால் டிரான்சாக்‌ஷனுக்குள் நீக்கிப் பார்த்துவிட்டு, சிக்கல் வந்தால் ரோல்பேக் செய்துகொள்ளலாம். அதையும் மீறித் தவறு நேர்ந்தால் தினமும் இரவில் எடுக்கிற பேக்கப் இருக்கிறது. பெயரை மாற்றி வைத்துக் காத்திருப்பதும் நாலு பேரைக் கேட்பதும் கோழைகளின் சடங்கு. இவை ஐந்து கூற்றுகள், ஐந்தும் தவறு. அதிலும் முதலாவதும் நான்காவதும் ஒன்றையொன்று வெட்டிச் சாய்க்கின்றன என்பது எழுதியவர் கண்ணிலேயே படவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் நீக்குவதற்கு எதிரி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். செத்த டேபிள்களைச் சுமந்துகொண்டே இருப்பது கேடுதான். புதிதாக வந்தவர் எது உயிருள்ள வாடிக்கையாளர் டேபிள், எது மூன்றாண்டுக்கு முன் யாரோ எடுத்துவைத்த நகல் என்று தெரியாமல் நகலிலிருந்து அறிக்கை தயாரித்து மேலாளர் மேசையில் வைத்த கதையை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் கேட்டிருப்போம். யாரும் காவல் காக்காத பழைய டேபிளில் ஆயிரக்கணக்கானவர்களின் கைபேசி எண்கள் கிடப்பது அதைவிட மோசம். ஆகவே நீக்கத்தான் வேண்டும். எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு நீக்கலாமா என்பதில் இல்லை. நீக்குகிறவன் எதை நிரூபித்துவிட்டு நீக்க வேண்டும் என்பதில்தான் இருக்கிறது. தான் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, டேபிள்தான் தன் உயிரை நிரூபிக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார். சான்றுச் சுமையை இப்படித் தலைகீழாகக் கவிழ்த்துவிட்ட பிறகு அவர் எழுதியது அத்தனையும் அந்தக் கவிழ்ப்பின் விளைவு.

முதலில் அந்தச் சுழிக்கு வருவோம். வாசிப்புக் கணக்கு சுழி, ஆகவே வாசிப்போர் இல்லை என்கிறார். நம் தருக்க மரபில் இதற்குப் பெயர் ஏதுப்போலி. ஏது போலத் தோன்றும், ஏது ஆகாது. காணாமையை ஓர் அளவையாக ஏற்கலாமா என்று இந்திய மெய்யியலில் நூற்றாண்டுக்கணக்கில் சண்டை நடந்திருக்கிறது. ஏற்றுக்கொண்ட குமாரிலபட்டரின் மீமாம்சை மரபுகூட அதற்கு ஒரு கடிவாளம் போட்டது: பொருள் அங்கே இருந்திருந்தால் கண்டிப்பாகக் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில் மட்டுமே, காணாமை இன்மைக்குச் சான்று. வெளிச்சமான அறையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் தெரியவில்லை என்றால் நமக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் பொருள். போஸ்ட்கிரஸின் வாசிப்புக் கணக்கு வெளிச்சமான அறையா, இருட்டறையா என்று கட்டுரையாளர் ஒரு கணமாவது யோசித்தாரா?

யோசித்திருந்தால் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்கும். அந்தக் கணக்கு ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி. பிரதான சர்வரில் நடக்கும் வாசிப்பு மட்டுமே பிரதான சர்வரின் கணக்கில் ஏறும். சுமை குறைக்க வேண்டும் என்று அறிக்கைகள் அத்தனையையும் ரெப்ளிகாவுக்குத் திருப்பிவிட்டிருந்தால் (ஓரளவு பெரிய நிறுவனங்களில் வழக்கமே அதுதான்) அங்கே நாள்தோறும் நூறு முறை வாசிக்கப்படும் டேபிள் இங்கே சுழியாகவே நிற்கும். அடுத்து, சர்வர் ஒழுங்காக நிறுத்தப்படாமல் விழுந்து எழுந்தால் அந்தக் கணக்கு முழுவதும் அழிந்து மறுபடி சுழியிலிருந்து தொடங்கும். போன வாரம் மின்சாரம் போய் விழுந்த சர்வரில் இன்று பார்க்கிற சுழி, மாதக்கணக்கின் சுழியா, ஒரு வாரத்தின் சுழியா? மூன்றாவது, ஒரு டேபிள் கடைசியாக எப்போது வாசிக்கப்பட்டது என்ற நேரத்தையே போஸ்ட்கிரஸ் 2023இல் வந்த 16ஆம் பதிப்பிலிருந்துதான் குறித்துவைக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு ஓடும் இடத்தில் எண்ணிக்கை மட்டும்தான் உண்டு, நாள் கிடையாது. இடைவெளி விட்டு இரண்டு முறை எண்ணிக்கையை எடுத்து ஒப்பிட்டாலொழிய அந்த எண் எதையும் சொல்லாது. ஒப்பிட்டதாக அவர் எங்கேயும் எழுதவில்லை.

இவையெல்லாம் இயந்திரத்தின் இருட்டு. இதைவிடப் பெரிய இருட்டு நாள்காட்டியில் இருக்கிறது. சில மாதங்கள் தொடப்படாவிட்டால் செத்தது என்பவருக்கு, நம் நாட்டில் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது என்பது தெரியாமலா இருக்கும்? ஆண்டுக்கு ஒரே ஒரு முறை உயிர்பெறும் டேபிள்கள் இல்லாத நிறுவனம் உண்டா? போனஸ் கணக்கு, தேய்மான விகிதம், வருமான வரிப் படிவத்துக்கான சுருக்கம் எல்லாம் பதினோரு மாதம் பிணம்போலக் கிடந்து பன்னிரண்டாம் மாதம் எழுந்து உட்காருகிறவை.

ஆண்டுக்கு ஒரு முறைகூட எழாதவையும் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. அதற்கு முந்தைய மதிப்புக் கூட்டு வரி விகிதங்களை, எந்தப் பொருளுக்கு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எத்தனை சதவீதம் என்று வைத்திருந்த டேபிள் ஒன்று எங்களிடம் இருந்தது. இரண்டாண்டு யாரும் தொடவில்லை. சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பிய ஒருவர், சுழியைப் பார்த்து அதை நீக்கினார். அவர் அலட்சியக்காரர் அல்ல. இந்தக் கட்டுரை சொல்லும் அதே வழியில் யோசித்தார், அவ்வளவுதான். ஓராண்டு கழித்து 2015-16ஆம் ஆண்டு விற்பனை தொடர்பாக வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. வரி மாறினாலும் பழைய சட்டத்தின் கீழான பழைய பொறுப்புகள் தீர்ந்துவிடுவதில்லை என்பது கணக்குப் பிரிவில் கடைநிலை எழுத்தருக்குக்கூடத் தெரியும். பழைய பில் நகலை எடுக்கும் பொத்தானை அழுத்தினால் பிழைச் செய்தி வந்தது. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஓடிய ஃபங்ஷன் அந்த டேபிளை நம்பியிருந்தது. எங்கள் பேக்கப்கள் முப்பது நாளுக்கு மேல் வைக்கப்படுவதில்லை. கணக்குப் பிரிவினர் மூன்று வாரம் கிடங்கில் உட்கார்ந்து, காகித பில்களிலிருந்து விகிதங்களை ஒவ்வொன்றாகக் கையால் எழுதி எடுத்தார்கள். தூசியில் இருமிக்கொண்டே அந்த வேலையைச் செய்த மூத்த ஊழியர் ஒருவர் என்னிடம் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: “நீக்குறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி?”

கேட்பதைச் சடங்கு என்று எழுதியவர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

அவர் ஒரு பதிலை முன்கூட்டியே வைத்திருக்கிறார், அதையும் பார்த்துவிடுவோம். டேபிள் தேவைப்படுகிறவர்கள் தாங்களாகவே வந்து சொல்லுவார்கள், சொல்லாவிட்டால் தேவையில்லை என்று பொருள் என்கிறார். துணைக்கு எட்கர் காடையும் அழைக்கிறார். காட் 1970இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்திலிருந்து எழுதிய ஆய்வுரையை அவர் தலைப்போடு நிறுத்திக்கொண்டாரோ என்று எனக்குச் சந்தேகம். அந்த ஆய்வுரையின் அடிநாதமே, தரவு இயந்திரத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயனர் அறிந்திருக்க வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது என்பதுதான். அரை நூற்றாண்டாக நாம் அந்த இலட்சியத்தை நோக்கி உழைத்து வென்றிருக்கிறோம். அந்த வெற்றியின் விளைவாக, பொத்தானை அழுத்தும் கணக்கருக்குத் தன் அறிக்கை எந்த டேபிளிலிருந்து வருகிறது என்று தெரியாது. தெரியாதவர் எப்படி வந்து சொல்லுவார்? பயனரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள காடின் பெயரைச் சாட்சிக்கு இழுப்பது, காட் எதற்காக எழுதினாரோ அதையே புரிந்துகொள்ளாதவரின் செயல்.

அடுத்தது கேஸ்கேட். ஒரு டேபிளை நீக்கச் சொன்னால் போஸ்ட்கிரஸ் இயல்பாகவே முதலில் அதை நம்பி நிற்பவை உண்டா என்று பார்க்கிறது, இருந்தால் மறுக்கிறது, எவையெவை நம்பி நிற்கின்றன என்று பெயர்ப் பட்டியலையும் தருகிறது. அந்த மறுப்பு, நம் அறியாமையை நமக்கே படித்துக்காட்டும் இலவச ஆவணம். கட்டுரையாளர் அதை ஒரு தொந்தரவாகப் பார்க்கிறார். பட்டியலுக்குக் கீழே, நம்பி நிற்பவற்றையும் சேர்த்து நீக்க கேஸ்கேட் உண்டு என்று ஒரு குறிப்பு வரும். அது வழி இருக்கிறது என்ற தகவல். அவர் அதைப் போகச் சொல்லும் அறிவுரையாக வாசித்துவிட்டார். இந்தக் கிணற்றுக்குப் படி இருக்கிறது என்று பலகை வைத்தால், விழுந்து சாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றா பொருள்?

கேஸ்கேட் போட்டால் என்ன நடக்கும் என்பதிலும் அவருக்குத் தெளிவில்லை. இணைந்த டேபிள்களும் போய்விடும் என்று ஓரிடத்திலும், எதுவும் பெரிதாகப் போகாது என்று இன்னோர் இடத்திலும் எழுதுகிறார். உண்மை இரண்டுக்கும் நடுவில், இரண்டையும்விட ஆபத்தான இடத்தில் இருக்கிறது. அந்த டேபிளின் மேல் எழுப்பிய வியூக்கள் போகும். அந்த வியூக்களின் மேல் எழுப்பிய வியூக்களும் போகும். ஃபாரின் கீயால் அதைச் சுட்டி நின்ற டேபிள் போகாது. ஃபாரின் கீ மட்டும் போகும். பதிவுகள் பத்திரமாக இருக்கும், காவல்காரன் மட்டும் இருக்கமாட்டான். மறுநாளிலிருந்து அந்த டேபிளில் எந்த அனாதைப் பதிவு நுழைந்தாலும் ஒரு பிழைச் செய்தியும் வராது. உடனே வெடிக்கும் தவறைச் சரிசெய்யலாம்; ஆறு மாதம் மௌனமாகச் சேரும் அழுக்கை எப்படிப் பிரித்தெடுப்பது? போகிறவை நூறைத் தாண்டினால் மீதிப் பட்டியலைத் திரையில்கூடக் காட்டாமல், சர்வர் லாகில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடும். ட்ராப்போடு நிற்காமல் ட்ரங்கேட்டுக்கும் இதே சொல்லைச் சேர்க்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகவே அவர் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ட்ரங்கேட்டோடு கேஸ்கேட் சேர்ந்தால், ஃபாரின் கீயால் சுட்டி நிற்கும் டேபிள்களின் பதிவுகள் அத்தனையும், அவற்றைச் சுட்டி நிற்கும் டேபிள்களின் பதிவுகளும் துடைத்தெடுக்கப்படும். ஒரே சொல், இரண்டு கட்டளைகளில் இரண்டு குணம். இந்த வேறுபாடு தெரியாதவர் பிறருக்கு வழிகாட்டப் புறப்படலாமா?

தரவுத்தளத்தின் மறுப்பே போதும், அது மறுக்காவிட்டால் ஆபத்தில்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. போஸ்ட்கிரஸுக்குத் தெரிந்தது அதனிடம் அறிவிக்கப்பட்ட சார்பு மட்டுமே. பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில் எழுதிய ஃபங்ஷனின் உடல் அதற்கு வெறும் எழுத்துச் சரம். உள்ளே எந்த டேபிள் பெயர் இருக்கிறது என்று அது கணக்கு வைப்பதில்லை. மேலே சொன்ன வரி விகித டேபிள் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் போனதற்குக் காரணம் அதுதான். இரவு ஓடும் க்ரான் ஸ்கிரிப்ட், யாரோ ஒருவர் மடிக்கணினியில் வைத்திருக்கும் எக்செல் இணைப்பு, வேறொரு நிறுவனத்துக்கு மாதம் ஒரு முறை போகும் கோப்பு ஆகியவை எந்தக் கேட்டலாகிலும் இல்லை. அவை மனிதர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அதனால்தான் மனிதர்களைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த வழிமுறை மைஎஸ்க்யூஎல்லுக்கும் அப்படியே பொருந்தும் என்றும் சேர்த்திருக்கிறார். மைஎஸ்க்யூஎல்லில் ட்ராப் டேபிளோடு கேஸ்கேட் எழுதினாலும் ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான். வேறு தரவுத்தளங்களிலிருந்து மாறிவருவோரின் வசதிக்காக அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டு ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறது. அங்கே வியூ டேபிளைப் பெயரால் மட்டுமே அறியும். டேபிள் போன பின்னும் வியூ நிற்கும், தொட்டால் உடையும். ஒரு டேபிளுக்கென்று தனியாகக் கொடுத்த உரிமைகள் டேபிளோடு போகாமல் தங்கிவிடும். நாளை அதே பெயரில் வேறு டேபிள் உருவானால் பழைய ஆட்களுக்குப் புதிய வீட்டின் சாவி கிடைத்துவிடும். எங்கே பொருந்துகிறது இவர் வழிமுறை?

டிரான்சாக்‌ஷன் வாதம் இதைவிடச் சுவையானது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. போஸ்ட்கிரஸில் டேபிளை நீக்கும் கட்டளையையும் ரோல்பேக் செய்யலாம் என்பது மெய். மைஎஸ்க்யூஎல்லிலும் ஆரக்கிளிலும் முடியாது. அங்கே அந்தக் கட்டளை வந்த மாத்திரத்தில் அதுவரை நடந்ததும் கமிட் ஆகிவிடும். மைஎஸ்க்யூஎல் 8.0இல் இத்தகைய கட்டளைகள் அணுத்தன்மை பெற்றுவிட்டன என்று அவர் சுட்டுகிறார். அணுத்தன்மை என்றால் நடுவில் சர்வர் விழுந்தால் அரைகுறையாக நிற்காது என்று பொருள். ரோல்பேக் செய்யலாம் என்று பொருள் அல்ல. சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டார். ஆரக்கிளில் 10ஜி முதல் ரீசைக்கிள் பின் இருக்கிறதே என்றால், இருக்கிறது. பர்ஜ் சேர்க்காமல் நீக்கிய டேபிளை அதிலிருந்து எடுக்கலாம். ஆனால் டேபிள்ஸ்பேஸில் இடம் தட்டுப்பட்டால் ஆரக்கிள் தானே அதைக் காலி செய்துவிடும். மீண்டு வரும் டேபிளுக்கு அதன் ஃபாரின் கீக்கள் திரும்பாது. அதை நம்பித் தூங்கலாமா?

சரி, போஸ்ட்கிரஸிலேயே நிற்போம். டிரான்சாக்‌ஷனைத் திறந்து, டேபிளை நீக்கி, செயலி எங்காவது பிழை காட்டுகிறதா என்று சில நிமிடம் கவனித்து, காட்டினால் ரோல்பேக் செய்யுங்கள் என்பது அவர் தரும் செய்முறை. செய்து பார்த்துத்தான் எழுதினாரா? கமிட் ஆகாத வரை மற்ற இணைப்புகளுக்கு அந்த டேபிள் இன்னும் இருக்கிறது. அதைத் தொட வருகிறவர்களுக்குப் பிழை வராது; பூட்டுக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். அதாவது எதைக் கண்டுபிடிப்பதற்காக இந்தச் சோதனையோ, அது இந்தச் சோதனையில் ஒருபோதும் தென்படாது. தென்படுவது வேறொன்று: திரைகள் உறையும், தொலைபேசிகள் அலறும்.

யாரும் தொடாத டேபிள்தானே, பூட்டினால் யாருக்கு நட்டம் என்று அவர் கேட்கலாம். இங்கேதான் அனுபவம் பேச வேண்டும். நீங்கள் நீக்கும் டேபிள், ஃபாரின் கீயால் வாடிக்கையாளர் டேபிளைச் சுட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபாரின் கீயின் மறுமுனை ட்ரிக்கர்கள் வாடிக்கையாளர் டேபிளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைக் கழற்ற வாடிக்கையாளர் டேபிளுக்கும் அதே கடும்பூட்டு வேண்டும். வாசிப்பைக்கூட அனுமதிக்காத பூட்டு அது. செத்த டேபிளை நீக்கப் போய் நிறுவனத்தின் உயிர்நாடியான டேபிளைப் பிடித்து நிறுத்திவிடுவீர்கள். பூட்டுக் கிடைக்கும் முன்பே கேடு தொடங்கிவிடும்: ஏற்கெனவே ஓடும் ஒரு நீண்ட அறிக்கை முடிவதற்காக உங்கள் கட்டளை காத்திருந்தால், உங்களுக்குப் பின்னால் வரும் சாதாரண வாசிப்புகளும் உங்கள் முதுகுக்குப் பின்னே காத்திருக்கும். லாக் டைம்அவுட்டைச் சில விநாடிகளுக்கு வைத்துவிட்டுத்தான் இந்தக் கட்டளையைத் தொட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அந்த இரண்டு சொற்கள் அவர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை.

இனி, ஒத்திவைத்த முரண்பாடு. அவருடைய தரவுத்தளத்தில் தினமும் இரவு பிஜி டம்ப் ஓடுகிறது, ஒரு டேபிள் விடாமல் எடுக்கிறது, அதுவும் பிரதான சர்வரிலிருந்தே என்று பெருமையோடு எழுதியிருக்கிறார். பிஜி டம்ப் ஒரு டேபிளை எப்படி எடுக்கிறது? முதலிலிருந்து கடைசி வரை வாசித்து எடுக்கிறது. அந்த வாசிப்பு போஸ்ட்கிரஸின் கணக்கில் மற்ற வாசிப்புகளைப் போலவே ஒன்றாக ஏறும். ஆகவே ஒவ்வோர் இரவும் டம்ப் ஓடும் சர்வரில் எந்த டேபிளின் வாசிப்புக் கணக்கும் மாதக்கணக்காகச் சுழியாக இருக்க முடியாது. சுழியாக இருக்கிறது என்று முதல் பகுதியில் சத்தியம் செய்கிறார். தினமும் டம்ப் எடுக்கிறேன் என்று நான்காம் பகுதியில் சத்தியம் செய்கிறார். சுழி மெய்யானால் அவருடைய பேக்கப் ஓடவில்லை, அல்லது அந்த டேபிள்களை விட்டுவிட்டு ஓடுகிறது. பேக்கப் மெய்யானால் அவர் அந்தக் கணக்கைத் திறந்தே பார்க்கவில்லை. எது என்று அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அவர் டேபிள் நீக்கத் தகுந்தவர் அல்ல.

பேக்கப் இருக்கிறது என்ற நம்பிக்கை எத்தனை பெரிய இடங்களையும் கவிழ்க்கும் என்பதற்கு 2017 ஜனவரி 31 சாட்சி. அன்றிரவு கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியாளர், ரெப்ளிகாவின் தரவு அடைவை அழிப்பதாக நினைத்துப் பிரதான சர்வரின் அடைவை அழித்தார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிஞ்சியது. அது டேபிளை நீக்கும் கட்டளை அல்ல, கோப்பு அழிப்பு. ஆனால் மீட்கப் போனபோது வெளிப்பட்டது நம் பேச்சுக்கு நேரடியாகப் பொருந்தும். தினசரி பிஜி டம்ப் சேர்ந்திருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றுபோயிருந்தது. பிழையை அறிவித்த மின்னஞ்சல்கள் அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாமல் நிராகரிக்கப்பட்டன. வட்டு ஸ்னாப்ஷாட் தரவுத்தளச் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. வேறொரு வேலைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. அப்படியும் மீள ஏறத்தாழ 18 மணி நேரமானது. சுமார் 5000 திட்டங்களும் 5000 கருத்துகளும் 700 பயனர் கணக்குகளும் போயின. அந்த நிறுவனம் தன் தவறுகளை ஒன்றுவிடாமல் வெளிப்படையாக எழுதி வெளியிட்டது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அதைப் படித்த பிறகும், ரீஸ்டோர் செய்து பார்க்காத கோப்பைப் பேக்கப் என்று ஒருவர் அழைப்பாரா?

ரீஸ்டோர் வேலை செய்கிறது என்றே வைப்போம். முழுச் சர்வரையும் நகலெடுக்கும் பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு டேபிளை உருவி எடுக்க முடியாது; வேறோர் இடத்தில் முழுவதையும் எழுப்பி, நீக்கப்பட்டதற்கு முந்தைய நொடிக்கு ஓட்டி, அங்கிருந்து அந்த ஒன்றை எடுத்துவர வேண்டும். அதற்குள் மற்ற டேபிள்கள் பல நாள் நகர்ந்திருக்கும். பழைய டேபிள் சுட்டும் பதிவுகளில் சில இப்போது இருக்காது. ரெப்ளிகா இருக்கிறதே என்பவருக்கு: நீக்கும் கட்டளையையும் ரெப்ளிகா உண்மையாக, உடனுக்குடன் நகலெடுக்கும். வேண்டுமென்றே சில மணி நேரம் பின்தங்கி ஓடும் ரெப்ளிகா வைக்கும் வசதி போஸ்ட்கிரஸில் 9.4இலிருந்து உண்டு. அதை வைத்திருக்கிறேன் என்றிருந்தால் கேட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை.

கடைசியாக, கோழைகளின் சடங்கு. பெயர் மாற்றிக் காத்திருப்பவர்களைப் பரிகசித்த அதே கை, இரண்டு பத்தி தள்ளி, நீக்குவதற்கு முன் ஒரு நகலை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள் என்று கிரியேட் டேபிள் அஸ் கட்டளையைப் பரிந்துரைக்கிறது. செத்தது நிச்சயம் என்றால் நகல் எதற்கு? நிச்சயம் இல்லை என்றால் பரிகாசம் எதற்கு? அந்த நகலும் நகல் அல்ல: பதிவுகள் மட்டும் வரும், இண்டெக்ஸ் வராது, ப்ரைமரி கீ வராது, டிஃபால்ட் மதிப்புகள் வராது, ட்ரிக்கர்கள் வராது, உரிமைகள் வராது. ஒரு கணத்தில் முடியும் பெயர் மாற்றத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட்டு, அதே அச்சத்தோடு அதைவிட மட்டமான காப்பீட்டை வாங்கியிருக்கிறார்.

பெயர் மாற்றும் முறைக்கு ஒரு மெய்யான குறை உண்டு. அதை அவர் சுட்டியிருந்தால் மனதாரப் பாராட்டியிருப்பேன். போஸ்ட்கிரஸில் வியூ டேபிளைப் பெயரால் பிடித்திருப்பதில்லை, உள் அடையாள எண்ணால் பிடித்திருக்கிறது. நீங்கள் பெயரை மாற்றினாலும் வியூ சலனமில்லாமல் ஓடும். ஓர் ஆண்டு காத்திருந்து யாரும் கூச்சலிடவில்லையே என்று நீக்கப் போனால், வியூ வழியாக அத்தனை நாளும் அது வாசிக்கப்பட்டுக்கொண்டே இருந்திருக்கும். உரிமையைப் பறித்துப் பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் வியூ இயல்பாகத் தன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடுகிறது. ஆகவே முதலில் கேட்டலாகில் சார்புகளைப் பார்த்து, ஃபங்ஷன்களின் உடலிலும் செயலியின் மூலநிரலிலும் பெயரைத் தேடி, அறிக்கை கேட்பவர்களிடம் பேசி, அதன் பின் பெயரை மாற்றி, ஒரு நிதியாண்டு முழுவதும் கடந்து, அந்த டேபிளைத் தனியே டம்ப் எடுத்து வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து பதிவுகளை எண்ணிப் பார்த்து, கேஸ்கேட் இல்லாமல் நீக்க வேண்டும். டேபிள்களின் உரிமையாளராகவே செயலி தரவுத்தளத்துக்குள் நுழையக் கூடாது என்பதும் இதில் சேரும். போஸ்ட்கிரஸில் நீக்கும் உரிமை உரிமையாளரோடு ஒட்டியது, அதைத் தனியே பறிக்க வழியில்லை. இது மெதுவான வேலை. மெதுவாக இருப்பதுதான் இதன் பாதுகாப்பு.

இந்த அவசரம் அவருக்கு எங்கிருந்து வந்தது? சட்டத்திலிருந்து என்கிறார்: தனிநபர் தரவைத் தேவை முடிந்ததும் அழிக்கச் சொல்லும் 2023ஆம் ஆண்டுச் சட்டம். அதே சட்டம், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லும் தரவுக்கு விலக்குத் தருகிறது. ஜிஎஸ்டி சட்டம் ஆண்டறிக்கைக் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. பாதிச் சட்டத்தைக் காட்டி மீதியை மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. மெய்யான காரணம் கட்டுரையின் இறுதிப் பத்தியில், அவரை அறியாமலே வெளிவந்துவிட்டது. தரவுத்தளச் சுத்திகரிப்பை ஒப்பந்தமாக எடுத்துச் செய்கிறாராம். நீக்கிய டேபிள்களின் எண்ணிக்கையைத்தான் வாடிக்கையாளரிடம் சாதனையாகக் காட்டுகிறாராம். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர், ஒப்பந்தம் முடிந்து கிளம்பிவிடுகிறவர், பதினான்காம் மாதம் வரப்போகும் நோட்டீஸைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறார்? கிடங்கில் உட்கார்ந்து காகிதத்தைப் புரட்டப்போவது வேறு யாரோதானே?

அவர் பதில் எழுதுவார் என்று நம்புகிறேன். எழுதும்போது என்னை வசைபாடுவதில் இடத்தை வீணாக்க வேண்டாம். இதுவரை நீக்கியவற்றில் ஏதாவது ஒரு டேபிளை எடுத்துக்கொள்ளட்டும். அதற்காக யாரைக் கேட்டார், ரெப்ளிகாவின் கணக்கைப் பார்த்தாரா, அதன் டம்ப் எங்கே இருக்கிறது என்று சொல்லட்டும். அந்த டம்பை ஒரு காலிச் சர்வரில் ரீஸ்டோர் செய்து, எத்தனை பதிவுகள் வந்தன என்று எண்ணிக் காட்டட்டும். மார்ச் 31க்குள் செய்தால் நல்லது. ஏப்ரலில் தணிக்கையாளர்கள் வருவார்கள்.